17 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு: ஒரு கதிர்காமப் பாதயாத்திரை பற்றிய நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் கதிர்காமத்துக்கு நடந்துபோக மூன்று முறை வெளிக்கிட்டார். முதல் முறை திருக்கோவில் என்ற ஊரோடு திரும்பினார். இரண்டாம் முறை குமுக்கன் ஆற்றங்கரையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் படுத்தபடி உகந்தைக்குத் திரும்பி வந்தார். மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தார், அதுவும் சிக்கல் இல்லாமல் இல்லை. மூன்று தடவையும் அவர் தோளில் என்ன தொங்கியது, அது ஏன் அங்கே வந்தது, இடைப்பட்ட காலத்தில் அவர் வீட்டிலிருந்து எதையெல்லாம் வெளியே கொடுத்தார்கள், அதில் எதைக் கொடுத்திருக்கக் கூடாது என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

அவர் கடைசியாகச் சேர்ந்து நடந்த குழுவில் சாமான் கொப்பி வைத்திருக்கும் ஆள் நான். முதல் இரண்டு முயற்சிகளையும் நேரில் பார்க்கவில்லை. அவரும் அவர் மனைவியும் சொன்னதையும் வைத்தியசாலைத் துண்டுகளையும் கடைப் பற்றுச்சீட்டுகளையும் வைத்து எழுதுகிறேன். (எந்தத் துண்டையும் எறியாத மனிதர் என்பதால்தான் இப்படி எழுத முடிகிறது, அது எங்களுக்குள் ஒரு பகிடி.) இருவரிடமும் சம்மதம் வாங்கியாயிற்று. பெயரும் ஊரும் சொல்லவில்லை.

## பாதை

ஊர்க் கோவிலிலோ மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோவிலிலோ கும்பிட்டு வெளிக்கிடுபவர்களுக்கு இந்த நடை இரண்டு துண்டு. முதல் துண்டு தார் ரோட்டு. கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை மட்டுமே நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கப்புறம் பாணமை, பிறகு உகந்தைமலை முருகன் கோவில். இரண்டாவது துண்டு காடு. உகந்தையில் பாதை திறக்கும்வரை காத்திருந்து, பதிவு செய்து, வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று குமண, யால தேசியப் பூங்காக்களுக்குள்ளால் நாலைந்து நாள் நடக்க வேண்டும்.

கதிர்காமத் திருவிழாவை ஒட்டித்தான் காட்டுப்பாதையைத் திறப்பார்கள், அதனால் நடை விழுவது கிழக்கில் மழையே இல்லாத ஜூன், ஜூலை மாதங்களில். கச்சான் என்ற மேல்காற்று அனலாய் அடிக்கும். ரோட்டுத் துண்டில் சில கிலோமீற்றருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கோவில், கோவிலில் அன்னதானம், வீட்டு வாசல்களில் மோர், சர்க்கரைத் தண்ணீர். காட்டில் அப்படி இல்லை. தொண்டர்கள் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள், சில தங்குமிடங்களில் சோறும் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க முடியாது. ஆகவே முதல் துண்டில் தேவையில்லாத ஒரு பொருள் இரண்டாவது துண்டில் உயிர்ப்பொருளாகலாம். இவருடைய முதல் முயற்சி இந்த இடத்தில்தான் தடுமாறியது.

## ஆளும் வீடும்

ஐம்பதைத் தாண்டியவர், அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். 68 கிலோ எடை. சீனி வருத்தம் இல்லை, பிரஷருக்கு ஒரு குளிசை எடுக்கிறார். நாற்காலி வேலை என்பதால் நடைப்பழக்கம் குறைவு.

1990இல் யுத்தத்தின்போது பதின்ம வயதில் தாயோடு இரவோடிரவாக உடுத்த துணியோடு வெளியேறியவர். அந்த இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைச் சான்றிதழையும் திரும்ப எடுக்க அலைந்த அலைச்சலை இன்றைக்கும் விவரமாகச் சொல்வார். 2004 டிசம்பர் 26இல் அதே வீடு அத்திவாரத்தோடு போனது. தாய்க்கு 1978 சூறாவளியும் நினைவில் இருந்தது. ஆக அந்த வீட்டில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும், சில சமயம் நாலு நாலாக. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த போர்வைகள், பிளாஸ்டிக் வாளிகள், தறப்பாள்கள், அலுமினியப் பானைகள் பிரிக்கப்படாத பொதியோடு அலுமாரிக்கு மேலேயே கிடந்தன. கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு பை: காணி உறுதி, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், கொஞ்சம் காசு, ஒரு டோர்ச். எங்கள் பக்கத்தில் இந்தப் பை இல்லாத வீடு குறைவு, அதனால் யாரும் அதை விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

## முதல் முயற்சி

தாய் காலமான அடுத்த வருடம், அவர் வைத்த நேர்த்தியை முடிக்க இவர் வெளிக்கிட்டார். தனியாக. மனைவிக்கு விருப்பம் இல்லை, தடுக்கவும் இல்லை.

பையைத் தெரிந்த கடைத் தராசில் நிறுத்தபோது 17 கிலோ, தண்ணீர் சேர்க்காமல். அதாவது அவர் உடல் எடையில் கால் பங்கு. பல நாள் நடப்பவர்கள் சுமக்கும் பை உடல் எடையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் பழகிய தோளுக்கு. உள்ளே இருந்தவை: அரிசி, பருப்பு, சிறிய காஸ் அடுப்பு, இரண்டு பானை, நாலு சாரம், ஆறு சட்டை, இரண்டு போர்வை, நுளம்பு வலை, இரண்டு டோர்ச், ஒரு முழு மருந்துப் பெட்டி, அப்புறம் கட்டிலுக்குக் கீழே இருந்த அந்தப் பை அப்படியே. காணி உறுதியின் மூலப்பிரதி கதிர்காமத்துக்கு எதற்கு என்று நான் பிற்பாடு கேட்டேன். "நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு ஏதாவது ஆனால்?" என்றார். மனைவி வீட்டில்தான் இருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

கல்முனை தாண்டும்போதே வலது தோளில் தோல் உரிந்துவிட்டது. பாட்டா செருப்போடு தார் ரோட்டில் நடந்ததில் இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. அரிசியும் அடுப்பும் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை, ஏனென்றால் மூன்று நேரமும் யாரோ கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். காத்தான்குடியில் கடை வாசலில் நின்ற ஒருவர் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் திணித்ததாகவும், அதை வாங்கியபோது பை இன்னும் இரண்டு கிலோ ஏறியதே என்று தனக்குக் கோபம்கூட வந்ததாகவும் சொன்னார். நாரி நோவு தாங்காமல் திருக்கோவிலில் இரண்டு நாள் படுத்துவிட்டு பஸ் ஏறினார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் வழியிலேயே அரிசியைக் கோவிலுக்குக் கொடுத்திருக்கலாம். தம்பிலுவிலில் ஒரு வேல்சாமி (வேல் ஏந்தி யாத்திரைக் குழுவை நடத்துபவர்) அப்படிச் சொல்லியும் இருக்கிறார். கொடுக்கவில்லை. "காட்டுக்குள் வேண்டிவரும்" என்று வைத்துக்கொண்டார். காட்டுக்குத் தேவையானதை அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ வாங்கலாம் என்பது அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

## இரண்டாம் முயற்சி

திரும்பி வந்தவர் காரணத்தை உடலில் தேடவில்லை, பையில் தேடினார், அது சரிதான். ஆனால் தீர்வைக் கடையில் தேடினார். மலையேற்றக் காணொளிகளைப் பார்த்து, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவழித்து, இடுப்புப் பட்டி வைத்த முதுகுப்பை, கூடாரம், தூக்கப் பை, கணுக்காலை மூடும் கனத்த சப்பாத்து எல்லாம் வாங்கினார். தூக்கப் பை குளிர்நாட்டுக்கு ஆனது. ஜூலையில் குமணக் காட்டில் அதற்குள் படுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இம்முறை எடை 13 கிலோ. ரோட்டுத் துண்டைத் தவிர்க்க பொத்துவில் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தார்.

ரோட்டைத் தவிர்த்தது அவர் எண்ணியதைவிடப் பெரிய இழப்பு என்பது என் கணிப்பு. மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்குப் பொத்துவில் வருவதற்குள் கால் பழகியிருக்கும், கூட்டாளிகளும் சேர்ந்திருப்பார்கள். இவர் புதுச் சப்பாத்தோடும் யாரையும் தெரியாமலும் காட்டுக்குள் இறங்கினார். மணல் உள்ளே போனது, தண்ணீரைக் கடந்தபோது நனைந்தது, காயவில்லை. கொப்புளம் வருவதற்கு வெப்பம், ஈரம், உரசல் மூன்றும் சேர வேண்டும். அந்தச் சப்பாத்துக்குள் மூன்றும் இருந்தன.

உண்மையான ஆபத்து அதற்கப்புறம்தான். கால் நோவுக்கு டைக்ளோபினாக் குளிசையைக் காலையும் மாலையும் போட்டிருக்கிறார். பவுசர் இருக்கும் இடம்வரை இரண்டு லீற்றரை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடித்திருக்கிறார். பிரஷர் குளிசையையும் வழக்கம்போல எடுத்தார். உடலில் தண்ணீர் குறைந்த நேரத்தில் இந்த வகை நோவுக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கும். சில பிரஷர் குளிசைகளும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். குமுக்கன் கரைக்கு வந்தபோது வாந்தி, தசைப்பிடிப்பு, சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில். மருத்துவ முகாமில் இருந்த தொண்டர் ஒருவர் அதைக் கேட்டவுடனே "சாமி, நீங்கள் இனி நடக்கக் கூடாது" என்று சொல்லி, வந்திருந்த உழவு இயந்திரத்தில் திருப்பி அனுப்பினார். அந்த முடிவுதான் முழு நிகழ்விலும் மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கணக்கு உயர்ந்திருந்தது, சில நாளில் இறங்கியது.

## பாயில் பரப்பிப் பார்த்தது

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, மனைவி இரண்டாவது பையைப் பாயில் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்தார்: ஒவ்வொரு நாளும் தொட்டது, ஒரு தடவை தொட்டது, தொடாதது. முதல் முயற்சியின் சாமானையும் நினைவிலிருந்து அதே மாதிரிப் பிரிக்கச் சொன்னார். இந்த யோசனை மனைவியுடையது, அவர் அலுவலகத்தில் களஞ்சியக் கணக்குப் பார்ப்பவர், வருட முடிவில் இருப்பெடுக்கிற பழக்கம்.

ஒவ்வொரு நாளும் தொட்ட குவியல் சிறியது. ஒரு சாரம், ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல், தட்டு, டோர்ச், கைபேசி. தொடாத குவியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதை இருந்தது. நாலு சாரம் ஏன்? இடம்பெயர்ந்து முகாமில் மாற்றுத் துணி இல்லாமல் இருந்த ஞாபகம். மருந்துப் பெட்டி ஏன்? 1990இல் காய்ச்சலோடு நடந்த தாய். கூடாரம் ஏன்? கூரையில்லாமல் படுத்த இரவுகள். காணி உறுதி ஏன் என்பது மேலே இருக்கிறது. ஆக அவர் கதிர்காமத்துக்கான பையைக் கட்டவே இல்லை, ஏற்கெனவே நடந்து முடிந்த மூன்று அழிவுகளுக்கான பையைக் கட்டியிருக்கிறார். எந்தச் சாமானும் முட்டாள்தனமானது இல்லை, ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இல்லாமல் போய் வேண்டியிருந்தது. குறைவாக வாழ்வதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கடையில் அளவுக்கு மேல் வாங்கிச் சேர்த்தவர்களுக்காக எழுதுகிறார்கள். பறிபோனதால் சேர்த்தவர்களிடம் "தேவையில்லாததை எறியுங்கள்" என்றால் அவர்களுக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த நவம்பரில்தான் அவர் எங்கள் குழுவோடு தொடர்புகொண்டார். நாங்கள் ஐந்து பேர் அளவில் சேர்ந்து நடப்பவர்கள்.

முதல் முடிவு, பொருளைப் பார்த்து "இது தேவையா" என்று கேட்பதை நிறுத்தியது. அந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் "ஓம்" என்ற பதில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு "இது வழியில் யாரிடம் இருக்கிறது" என்று கேட்கச் சொன்னோம். அரிசி குழுவிடம் இருக்கிறது, பானை குழுவிடம், தறப்பாள் ஒன்று குழுவிடம். மருந்து முகாமில். ரோட்டில் சாப்பாடு ஊர்களில். இப்படிக் கேட்கத் தொடங்கியதும் பை தானாக இளைத்தது. தனியாக நடக்கும் ஆளுக்கு இந்தக் கேள்வி உதவாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, காணி உறுதி. அதை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால் அவர் நடக்கும் நாளெல்லாம் மனம் அங்கேதான் கிடக்கும். மூலப்பிரதிகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்தார், ஒரு செட் படப்பிரதி கொழும்பில் இருக்கும் தங்கையிடம். தேசிய அடையாள அட்டை மட்டும் கூட வந்தது, உகந்தையில் பதிவுக்கும் அது வேண்டும். பையிலிருந்து எடுபட்டது அரைக் கிலோ காகிதம்தான், ஆனால் அதற்கப்புறம்தான் மற்றச் சாமான்களை எடுக்க அவர் கை நீண்டது.

மூன்றாவது, கால். பட்டி வைத்த திறந்த சாண்டல், வழக்கமான அளவைவிட ஒரு இலக்கம் பெரிது, ஏனென்றால் நாள் முழுக்க நடக்கும்போது பாதம் வீங்கும். மழை விட்ட பெப்ரவரியிலிருந்து வார இறுதிகளில் பையோடு களுவாஞ்சிக்குடி வரை நடந்துபோய் பஸ்ஸில் திரும்பும் பழக்கம். பையை முதலில் வெறுமையாக, பிறகு இரண்டு கிலோ, பிறகு ஐந்து.

நான்காவது, தண்ணீரும் உப்பும். எதைக் குறைத்தாலும் இதைக் குறைப்பதில்லை. காட்டில் மூன்று லீற்றர், ஜீவனிப் பக்கற்றுகள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்), கொஞ்சம் உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மேல் குடித்தாலும் உடலில் உப்புக் குறைந்து ஆபத்து வரும் என்பதால் இரண்டும் சேர்ந்தே போகும். நோவுக்கு பனடோல் (பரசிற்றமோல்) மட்டும். பிரஷர் குளிசையைப் பற்றி அவரே தன் வைத்தியரிடம் கேட்டு, வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொண்டார். இதை எல்லோரும் செய்ய வேண்டும், குளிசையைத் தாமாக நிறுத்துவது இன்னொரு பிரச்சினை.

மொத்தம் 5.2 கிலோ, தண்ணீர் இல்லாமல். அமெரிக்காவில் 1955இல் 67 வயதான எம்மா கேட்வுட் என்ற பெண் சுமார் 3,500 கிலோமீற்றர் நீளமான அப்பலாச்சியன் பாதையை, தானே தைத்த துணிப்பை ஒன்றோடும் சாதாரணச் சப்பாத்தோடும் தனியாக நடந்து முடித்தார் என்று குழுவில் ஒருவர் சொன்னபோது, இவர் ரசித்துக் கேட்டுவிட்டு, "எங்கட கொக்கட்டிச்சோலை அம்மாமார் துணி மூட்டையோடுதானே போகிறார்கள், நான் ஏன் அவர்களைப் பார்க்காமல் காணொளியைப் பார்த்தேன்" என்றார்.

## வீட்டுக்குள்

பை இளைத்த உற்சாகத்தில் வீட்டிலும் கை வைத்தார். இங்கேதான் கணவன் மனைவிக்கிடையில் வாக்குவாதம் வந்தது. மனைவியின் நிலைப்பாடு தெளிவானது: "இஞ்ச பாருங்க, நடக்கிறதுக்குக் குறைக்கிறது வேற, குடியிருக்கிறதுக்குக் குறைக்கிறது வேற." அவர் கேட்கவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த போர்வைகள், பாய்கள், இரண்டு தறப்பாள், பெரிய பானைகள், மண்ணெண்ணெய் லாம்பு எல்லாம் வெவ்வேறு வீடுகளுக்கும் ஒரு சிறுவர் இல்லத்துக்கும் போயின. நல்ல காரியம்தான். வீடு அகன்றது, பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை கிடைத்தது, கரப்பான் குறைந்தது, தேடுவதில் நேரம் போகவில்லை. மனைவி ஒரு பானையையும் ஒரு தறப்பாளையும் மட்டும் குசினிப் பரணில் மறைத்து வைத்தார், கணவருக்குச் சொல்லாமல்.

## மூன்றாம் முயற்சி

ஊரிலிருந்தே நடந்தோம். அதிகாலை நாலு மணிக்கு வெளிக்கிட்டு பத்து மணிக்கு முன் எங்காவது கோவிலில் ஒதுங்குவது, வெயில் சாயத் திரும்பத் தொடங்குவது. ரோட்டுத் துண்டைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. சங்கமன்கண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டபோதும் தோளில் காயம் இல்லை, கால் நன்றாக இருந்தது. அரிசியையும் பருப்பையும் பொத்துவிலில் வாங்கி ஐவருக்குள் பங்கிட்டோம். பாணமையில் ஒரு இரவு. உகந்தையில் பாதை திறக்கும்வரை இருந்துவிட்டு, காட்டுக்குள் மற்றக் குழுக்களோடு பகலில் மட்டும் நடந்தோம், யானைக் காட்டில் இருட்டில் நடப்பதில்லை.

குமுக்கன் கரையில் மருதமர நிழலில் அரை நாள் இருந்தோம். அவர் அந்த முகாமைத் தேடிப் போனார், ஆனால் அந்த வருடம் வேறு ஆட்கள்.

சிக்கல் நாவலடி தாண்டி வந்தது. வலது சாண்டலின் பட்டி அடியோடு பிய்ந்தது. மாற்றுச் செருப்பு அவரிடம் இல்லை, எங்கள் யாரிடமும் இல்லை. எடை குறைப்பதில் குழுவே ஒருவரையொருவர் பார்த்துப் பெருமைப்பட்டதில் அந்த ஒரு பொருள் ஐந்து பையிலிருந்தும் விழுந்துவிட்டது. "வழியில் யாரிடம் இருக்கிறது" என்ற கேள்விக்கு எல்லோரும் மற்றவரைக் கைகாட்டியிருக்கிறோம். கயிற்றால் கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. நேர்த்திக்காக வெறுங்காலோடு நடப்பவர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் பாதம் அதற்குப் பழகியது. பதினொரு மணி மணலில் இவரால் ஐம்பது அடி வைக்க முடியவில்லை. நிழலில் உட்கார வைத்தோம்.

பின்னால் வந்த குழுவில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், பழைய சேலையில் கட்டிய மூட்டை, அதற்குள் ஒரு சேலை, ஒரு செம்பு, விபூதி, ஒரு சோடி பாட்டா செருப்பு. அவர் வெறுங்காலோடு நடக்கிறவர். செருப்பு எதற்கு என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு வருசமும் ஆருக்காவது அறும் மனே" என்றார். பெண்கள் செருப்பு, குதிகால் வெளியே தள்ளியது. அதோடு கட்டகாமம் வரை வந்தார், பிறகு பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு மாணிக்க கங்கை. கொடியேற்றத்துக்கு முதல் நாள் கதிர்காமம் சேர்ந்தோம். பாதத்தில் இரண்டு கொப்புளம், மற்றப்படி உடலில் குறை இல்லை.

## மழைக்காலத்தில் நடந்தது

அந்த வருடம் நவம்பர் கடைசியில் வாவி நிரம்பித் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் ஏறியது. இவர் வீடு கொஞ்சம் மேட்டில். மனைவியின் அக்கா குடும்பமும் பக்கத்து வீட்டாரும் வந்து தங்கினார்கள், மொத்தம் பதினொரு பேர். பாய் போதவில்லை, போர்வை போதவில்லை, கரண்ட் இல்லாத இரவுகளில் லாம்பு இல்லை. பரணிலிருந்து மனைவி இறக்கிய பானையில்தான் கஞ்சி வைத்தார்கள், அவருடைய தறப்பாளைத்தான் முற்றத்தில் கட்டினார்கள். அவர் அப்போது எதுவும் சொல்லிக் காட்டவில்லை என்று கணவர் சொல்கிறார். மனைவியிடம் கேட்டால், "சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை" என்கிறார்.

என் பார்வையில் நடையில் சரியாக வேலை செய்த கேள்வி வீட்டில் வேலை செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. நடக்கும்போது அவர் மற்றவர்களை நம்பி இறங்குகிறார். மேட்டில் இருக்கும் அந்த வீட்டை நம்பித்தான் மற்றவர்கள் ஏறி வருகிறார்கள். அவர் கொடுத்த போர்வைகள் யார் வீட்டிலோ பயன்பட்டிருக்கும், அதை மறுக்கவில்லை, ஆனால் அந்த இரவில் அவை தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தன.

## அடுத்த முறை மாற்றுவது

குழுக் கொப்பியில் இப்போது ஒவ்வொரு பொதுப் பொருளுக்கும் எதிரே ஒருவரின் பெயர் எழுதுகிறோம். செருப்பு: இரண்டு சோடி, ஒன்று பெரிய அளவு, ஒன்று நடுத்தர அளவு, பெயர் எழுதிய ஆளின் பையில். தடித்த நூலும் ஊசியும் சேர்ந்திருக்கின்றன, பட்டி தைக்க. உகந்தையிலிருந்து வெளிக்கிடும் காலை அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்து, பொருளைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகே நடை.

நடை தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் உள்ள நோவுக் குளிசைகளை வாங்கிப் பார்த்து டைக்ளோபினாக், இபுப்ரோபன் இருந்தால் எடுத்துவைத்துவிடுகிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை, கடைக்காரரே தந்தது என்று சண்டைக்கு வருகிறார்கள். சிறுநீர் நிறத்தைக் கேட்பதற்கும் வெட்கப்படுகிறார்கள். கேட்கத்தான் செய்கிறோம்.

வீட்டில் இப்போது கணக்கு மனைவி கையில். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முடியும்வரை பன்னிரண்டு பேருக்குப் பாய், போர்வை, ஒரு பெரிய பானை, இரண்டு தறப்பாள், லாம்பு. மற்றது போகலாம். கூடாரத்தையும் தூக்கப் பையையும் அவர் விற்கப் பார்த்தார், வாங்க ஆள் இல்லை, அறுகம்பையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கூடாரத்தை மட்டும் அரை விலைக்கு எடுத்தார்.

இந்த வருடம் மனைவியும் நடக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பட்டியல் முழுக்க ஆண்கள் எழுதியது. மாதவிடாய்த் துணி, குளித்து உடை மாற்ற மறைப்பு, இரவில் வெளியே போகும்போது கூடப் போக ஒரு பெண் துணை, எதுவும் அதில் இல்லை. கொப்பியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். நாலு பக்கம் திருத்தி அனுப்பியிருக்கிறார், எடை 6.4 கிலோ காட்டுகிறது, அதில் எதை வெட்டச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.